“அக்கா, இன்னும் ஏன் இறங்கேல்லை?” காசு மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு பலசரக்குக் கடையில் காசு மேசையில் இருந்து கணக்கு எழுதுகிறேன், பதினைந்து வருசத்துக்கு மேலாகிவிட்டது. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, மிச்சக்காசை எண்ணிக்கொண்டே ஆட்கள் விலைவாசியைப் பற்றிக் கேட்கிற கேள்விகள் சில உண்டு. ஆள் மாறும், கேள்வி மாறாது. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் வேறு குரலில். பின்னால் ஆட்கள் நிற்கும்போது முழுப்பதில் சொல்ல முடியாது, பில்லின் பின்பக்கத்தில் இரண்டு கணக்குப் போட்டுக் காட்டி அனுப்பிவிடுவேன். அந்தப் பின்பக்கங்களைக் கூட்டி எழுதியதுதான் இது. நான் பொருளாதார நிபுணி இல்லை, ஏஎல்லில் கொமர்ஸ் படித்ததோடு சரி.

“2022இல உண்மையா என்னதான் நடந்தது? சுருக்கமாச் சொல்லுங்கோ.”

நாட்டின் கையில் டொலர் தீர்ந்தது. பெற்றோல், காஸ், பால்மா, பருப்பு, மருந்து எல்லாமே டொலர் கொடுத்து வாங்குகிற சாமான்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பும் அதற்குப் பிறகு கொரோனாவும் உல்லாசப் பயணிகளின் வரவைப் படுக்க வைத்தன. 2019 கடைசியில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8க்கு இறக்கியதில் அரசாங்கத்தின் வருமானம் விழுந்தது. 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தியதில் விளைச்சல் போனது. பழைய வெளிநாட்டுக் கடன் கழுத்தில் நின்றது. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைப் பிடித்து வைக்காமல் சந்தையிடம் விட்டுவிட்டார்கள், 203 ரூபாயில் நின்ற டொலர் மே மாதம் 360 பக்கம் போய் நின்றது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். சர்வதேச நாணய நிதியத்தின் ஏறக்குறைய 300 கோடி டொலர் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தபோது 2023 மார்ச் ஆகிவிட்டது.

இது செய்தியில் வருகிற கதை. என் மேசையிலிருந்து பார்த்தால் வந்தது ஒரு நெருக்கடி இல்லை, இரண்டு. முதலாவதில் ஆட்களிடம் காசு இருந்தது, தட்டில் சாமான் இல்லை. 2021 கடைசியில் காஸும் பால்மாவும் ஒளித்ததில் தொடங்கி, 2022 ஓகஸ்டில் கியூஆர் அட்டைக்குப் பெற்றோல் அடிக்கத் தொடங்கும்வரை அது. பிறகு சாமான் மெல்ல மெல்ல வந்து தட்டு நிரம்பியது, ஆட்களின் கையில் காசு இல்லை. இந்த இரண்டாவது இன்னும் முழுதாகப் போகவில்லை. முதலாவதில் பழகிய பழக்கத்தை இரண்டாவதில் செய்வதால்தான் பாதிப் பேர் இடறுகிறார்கள் என்பது என் எண்ணம், கீழே அங்கங்கே சொல்கிறேன்.

“விலைவாசி இறங்கிட்டுதெண்டு ரேடியோவில சொல்லுறாங்கள். உங்கட கடையில மட்டும் ஏன் இறங்கேல்லை?”

ஒரு நாளைக்கு இரண்டு பேராவது கேட்பது இது. சிலர் கேட்கும்போது முதலாளியின் பக்கம் ஒரு பார்வையும் போகும்.

ரேடியோ இறங்கியது என்று சொல்வது பணவீக்கத்தை. அது விலை ஏறுகிற வேகம், விலை இல்லை. பில்லின் பின்பக்கத்தில் நான் போடுகிற கணக்கு இது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு ஒரு பை சாமான் வாங்கினீர்கள் என்று வையுங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம், ஆகவே அதே பை 170 ரூபாய். அடுத்த வருசம் செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதம்தான், பையின் விலை 172. 2024 செப்டெம்பரில் அது பூச்சியத்துக்குக் கீழேயே போனது, மறை 0.5. அப்போதும் பை 171. ரேடியோவுக்கு 69.8 எங்கே 1.3 எங்கே, பெரிய இறக்கம். பைக்கு 170உம் 172உம் ஒன்றுதான். சாப்பாட்டுச் சாமானை மட்டும் தனியாக எடுத்தால் அந்த 2022 செப்டெம்பரில் 94.9 வீதம், அரிசி பருப்புக்கே சம்பளம் முழுக்கப் போகிற வீடுகளுக்கு இந்தப் பை 170ஐவிடக் கூடத்தான்.

சில சாமான் உண்மையாகவே இறங்கியது. பன்னிரண்டரைக் கிலோ காஸ் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய்க்கு ஏறியது, பிறகு 3,700க்குக் கிட்ட வந்தது. பருப்பும் கோதுமை மாவும் உச்சத்திலிருந்து இறங்கின. ஆனால் 2024 கடைசியில் தேங்காய் ஒன்று 200 ரூபாய்க்குப் போனது. தேங்காய்ப்பால் விடாத சொதி எங்களுக்குச் சொதி இல்லை.

“சம்பளம் கூடித்தானே இருக்கு, பிறகேன் மாசக் கடைசியில கையைக் கடிக்குது?”

மேலே போட்ட பைக் கணக்கையே சம்பளத்துக்குப் போடுங்கள். 2021இல் 50,000 எடுத்தவர் அதே வாழ்க்கையை வாழ 86,000 எடுக்க வேண்டும். 65,000 ஆகியிருந்தால் 15,000 கூடியது உண்மை, 21,000 காணாமல் இருப்பதும் உண்மை. அது போக, வற் வரி 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 தொடக்கத்தில் 18 வீதம் என்று ஏறியது. மின்சாரக் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், ஆறு மாதம் கழித்து இன்னொரு 66 வீதம். கொஞ்சம் நல்ல சம்பளக்காரருக்கு 2023 ஜனவரியில் வருமான வரியும் வந்தது, மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் வெட்டு. அந்த எல்லையை 2025 ஏப்ரலில்தான் ஒன்றரை லட்சமாக்கினார்கள்.

எங்கள் கடைக்கு வருகிற ஒரு ரீச்சர் சம்பளம் வந்த அன்றைக்கே கறண்ட் பில், தண்ணிப் பில், பிள்ளையின் ரியூசன் காசு மூன்றையும் மூன்று கடித உறைக்குள் போட்டு ஒட்டிவிடுவா. மிச்சத்தை நாலாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கோடு வருவா. ஐந்தாவது கிழமை வருகிற மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “அந்தக் கிழமை முருங்கையிலைதான்” என்று சொல்லிச் சிரித்தா.

“சாமான் மலிவாக் கிடைக்கேக்க வாங்கி அடுக்கி வைக்கிறது நல்லதோ?”

2022 ஜூனில் கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன். அப்போது இன்றைக்கு வாங்காத சாமான் நாளைக்கு இல்லை, இருந்தாலும் நாளைக்கு விலை வேறு. காசை வைத்திருந்தவர் தோற்றார், சாமானை வைத்திருந்தவர் தப்பினார். முதல் நெருக்கடியின் விதி அது.

இப்போது தட்டில் சாமான் நிற்கிறது, நாளைக்கும் நிற்கும். இன்றைக்குப் பத்துக் கிலோ சீனி வாங்கி வைப்பவர் தன் காசை எறும்புக்குத் தீனியாக வைத்திருக்கிறார். ஒருமுறை ஒரு ஐயா தன் வீட்டு அலுமாரியிலிருந்து பதினெட்டு பைக்கெற் பால்மாவைக் கொண்டுவந்து, திகதி முடிய இரண்டு கிழமை இருக்கிறது, திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டார். வரிசையில் நின்று நின்று சேர்த்தது. எடுக்க முடியவில்லை. முதலாளி பாவம் பார்த்து இரண்டு பைக்கெற்றைத் தன் வீட்டுக்கென்று காசு கொடுத்து வாங்கினார். அரிசி ஒரு மாதத்துக்கு, மற்றவை இரண்டு கிழமைக்கு. அதற்கு மேல் இப்போது தேவையில்லை.

“சின்னப் பைக்கெற் வாங்கினா நட்டம் எண்டு சொல்லுறீங்கள். கையில இருக்கிறது நூறு ரூபாய்தானே?”

நட்டம்தான். ஐம்பது கிராம் தேயிலையை எட்டுத் தரம் வாங்குகிறவர், நானூறு கிராமை ஒரே தரம் வாங்குகிறவரைவிட எப்போதும் கூடக் கொடுக்கிறார். ஆனால் நாள்கூலிக்காரரை நிறுத்தி வைத்து இந்தக் கணக்கைப் படிப்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அவருக்குத் தெரியாததா? பின்னேரம் ஆறு மணிக்குத்தான் அவர் கைக்குக் காசு வருகிறது, ஏழு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். “நூறு ரூபாய்க்குப் பருப்புத் தாங்கோ” என்று கேட்கும்போது நான் கிலோவைப் பார்ப்பதில்லை, தராசின் முள் நூறு ரூபாயில் நிற்கும்வரை போடுவேன்.

முடிந்தால் ஒன்று செய்யலாம். பக்கத்து வீட்டோடு சேர்ந்து பெரியதாக ஒன்றை வாங்கிப் பிரியுங்கள். எங்கள் ஒழுங்கையில் மூன்று பெண்கள் ஐந்து கிலோ மாப் பையை அப்படித்தான் வாங்குகிறார்கள், பிரிக்கிற தராசு எங்களுடையது. அப்புறம், பைக்கெற்றின் விலையைப் பார்க்கிற மாதிரி நிறையையும் பாருங்கள். பிஸ்கற், சவர்க்காரம், நூடில்ஸ் எல்லாவற்றிலும் விலையை ஏற்ற வெட்கப்பட்ட கம்பனிகள் கிராமைக் குறைத்தன. மூடி அதே நிறம், படம் அதே குழந்தை, உள்ளே மட்டும் குறைவு.

பெரிய பைக்கெற் வாங்கினால் நட்டம் வருகிற இடமும் உண்டு. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பெரிய பிஸ்கற் பெட்டி சின்னப் பைக்கெற்றைவிட வேகமாக முடியும். இதற்குக் கணக்கு உதவாது.

“சந்தை, சங்கக்கடை, சூப்பர்மார்க்கெற்: எங்க மலிவு?”

மரக்கறிக்கு மருதனார்மடம் அல்லது திருநெல்வேலிச் சந்தை, நேரம் பார்த்துப் போனால். காலையில் தரம், மூடுகிற நேரம் மலிவு. அரிசியும் சீனியும் கூட்டுறவுச் சங்கக்கடையில் பாருங்கள். சூப்பர்மார்க்கெற்றில் கழிவு போட்ட சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வருகிற வைராக்கியம் இருந்தால் அங்கேயும் போகலாம், குளிர் அறைக்குள் அந்த வைராக்கியம் கரைவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். என் முதலாளி இதை வாசித்தால்: எங்கள் கடையில் நாட்டரிசி நல்லது.

“மூடியில பழைய விலை இருக்கு. நீங்கள் ஏன் புது விலை கேக்கிறீங்கள்?”

கேட்கக்கூடாது. குறித்த விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். எங்கள் கடையில் நடந்தாலும் முறையிடுங்கள்.

கடைக்காரர் பக்கத்தையும் ஒருதரம் பாருங்கள். 2022 ஏப்ரலில் ஒரு பெட்டி சவர்க்காரத்தைப் பழைய விலைக்கு விற்று முடித்த காசில் அடுத்த பெட்டியில் பாதிதான் வாங்க முடிந்தது. விற்க விற்கக் கடை சின்னதாகிக்கொண்டு போனது. அந்த நேரத்தில் ஒரு சம்போ போத்தலின் விலைத்துண்டை நகத்தால் உரித்துப் பார்த்தேன், ஒன்றுக்கு மேல் ஒன்றாக நாலு துண்டு. அடியில் இருந்த விலையைப் பார்த்து நானும் கடைப் பொடியனும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கொழும்பிலிருந்து வரும்போதே ஒட்டித்தான் வந்தது, நாங்கள் ஒட்டியது இல்லை. அப்படி வந்தால் கேள்வி மொத்த வியாபாரியிடம் போக வேண்டும்.

“கொப்பியில எழுதச் சொல்லிக் கேக்க வெக்கமா இருக்கு. கேக்கலாமோ?”

கேளுங்கள். எங்கள் கடன் கொப்பியில் அரச உத்தியோகத்தர் இருக்கிறார், மேசன் இருக்கிறார், ஒரு காலத்தில் எங்களுக்கே மொத்தச் சாமான் தந்தவரும் இருக்கிறார். கடைக்காரருக்குப் பயம் கடனைப் பற்றி இல்லை, தகவல் இல்லாமல் ஆள் பாதையை மாற்றிப் போவதைப் பற்றி. 3,000 ரூபாய்க் கடனுக்காக மூன்று மாதம் வேறு கடைக்குப் போன ஒருவர் அங்கே கைக்காசுக்கு வாங்கினார், நாங்கள் ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்தோம். “இந்த மாசம் 500தான் தரலாம்” என்று வந்து சொல்கிறவருக்கு அடுத்த மாதமும் எழுதுவோம்.

உங்களிடமும் ஒரு சின்னக் கொப்பி இருக்கட்டும், நான் எழுதும்போது நீங்களும் எழுதுங்கள். நானும் பிழை விடுவேன். ஒருமுறை ஒரே பெயர் உள்ள இரண்டு அன்ரிமாரின் கணக்கைக் கலந்துவிட்டேன், இருவரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று இங்கே எழுத முடியாது. சாராயம், சிகரெற் இரண்டையும் கொப்பியில் ஏற்றுகிற கடையாக இருந்தால் வீட்டுக் கணக்கையும் அதையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பிரிவு நல்ல பேச்சுக்களைத் தொடக்கும்.

“நகையை அடைவு வைக்கிறதோ, வித்துப்போடுறதோ?”

ஒரே ஒரு கேள்வியை உங்களிடமே கேளுங்கள்: இதை மீட்கிற காசு எங்கிருந்து, எந்த மாதம் வரும்? பதில் இருந்தால் அடைவு. நெல் வெட்டினால் வரும், சீட்டு விழும், மகன் அனுப்புவான் என்று பெயர் சொல்லக்கூடிய காசாக அது இருக்க வேண்டும். “எப்படியும் வரும்” என்பது பதில் இல்லை.

பதில் இல்லை என்றால் வைக்காதீர்கள், விற்கத் தேவையான ஒன்றை மட்டும் விற்றுவிடுங்கள். ஒரு பேச்சுக்கு, 20 வீத வட்டிக்கு ஒரு லட்சம் எடுத்தால் வருசம் 20,000 வட்டி. இரண்டு வருசம் வட்டி மட்டும் கட்டிவிட்டு மூன்றாம் வருசம் ஏலத்தில் விட்டவர்களை எனக்குத் தெரியும், 40,000உம் போய்த் தாலிக்கொடியும் போனது. பவுன் விலை ஏறிக்கொண்டிருப்பதால் வைத்திருந்தால் லாபம் என்பார்கள். பவுன் ஏறுவது உண்மை, அந்த ஏற்றம் யாருக்கு என்பது மீட்கிறவரா இல்லையா என்பதில்தான். இன்னொன்று, ஏலத்தில் போன நகை கடனுக்கு மேல் விலைப்பட்டால் மிச்சம் உங்களுடைய காசு. வங்கியில் போய்க் கேளுங்கள், பலர் கோபத்தில் அந்தப் பக்கமே போவதில்லை.

“22 வீத வட்டி தந்தாங்கள், நான் போடேல்லை. பிழை விட்டிட்டனோ?”

இது கொஞ்சம் குழப்பமான கதை. 2022 நடுவில் வங்கிகள் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் தந்தபோது எல்லோரும் சொன்னது: விலைவாசி 60, 70 வீதம் ஏறுகிறது, 22 வீத வட்டி என்னத்துக்கு? அதில் நியாயம் இருந்தது. அதற்கு முதல் வருசம் ஐந்தாறு வீதத்துக்குப் போட்டு வைத்த ஓய்வூதியக்காரரின் லட்சத்தை அந்த ஏற்றம் தின்றுதான் விட்டது.

ஆனால் மேலே சொன்ன பையைத் திரும்பப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் ஒரு லட்சத்தை ஒரு வருசத்துக்குப் போட்டவருக்கு அடுத்த செப்டெம்பரில் கையில் ஒரு லட்சத்து 22,000, பை 170இலிருந்து 172. விலை ஏறி முடிந்த இடத்தில் அவர் பெரிய வட்டியைப் பூட்டிவிட்டார். வட்டியை ஏற்கெனவே ஏறிய விலையோடு ஒப்பிட்டதுதான் பிழை, இனி ஏறப்போவதோடுதான் ஒப்பிட வேண்டும். அதை முன்கூட்டி யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது, நானும் போடவில்லை. வங்கியைவிடக் கூடத் தருகிறேன், மாதம் 5 வீதம் என்று வருகிறவரிடம் மட்டும் போடாதீர்கள். அதற்கு எந்தக் கணக்கும் தேவையில்லை.

“இப்ப டொலர் 300 ரூபாய். முந்தி 200தானே. நான் அனுப்புற காசு உங்களுக்குக் கூடத்தானே வருது, பிறகேன் காணாது எண்டு அம்மா சொல்லுறா?”

ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு தம்பி காசு மேசையில் வைத்தே கேட்டது. அம்மா பக்கத்தில் நின்றா, நான் பில்லைத் திருப்பினேன்.

2021இல் நூறு அமெரிக்க டொலர் 20,300 ரூபாய். 2022 நடுவில் 36,000. விலை ஏறியதும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆகவே நூறு டொலருக்கு வந்த சாமான் மாறவில்லை. பிறகு ரூபாய் கொஞ்சம் பலப்பட்டு 2024இல் டொலர் 300 பக்கம் வந்தது, நூறு டொலர் 30,000 ஆனது. ஆனால் பை 172 பக்கமே நின்றது. 20,300 ரூபாய்க்கு வாங்கியதை அப்போது வாங்க 35,000 வேண்டியிருந்தது, ஏறக்குறைய 116 டொலர். அம்மா சொன்னது சரி. தம்பி பில்லை வாங்கிப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

“உண்டியலில அனுப்பினா கூட வருமாமே?”

2022 தொடக்கத்தில் வந்தது உண்மை. வங்கி 203 தரும்போது, வங்கிக்கு வெளியே காசை மாற்றிக் கொடுக்கிற உண்டியல்காரர் 240, 250 தந்தார், டொலர் வங்கிப் பக்கம் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ரூபாயை விட்ட பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. சில ரூபாய்க்காக, சட்டவிரோதமான, காசு வராவிட்டால் யாரிடமும் கேட்க முடியாத வழியில் போவதா என்று நீங்களே யோசியுங்கள். வீடு வாங்கவோ விசாவுக்கோ காசு வந்த வழியைக் காட்டச் சொன்னால் வங்கித்துண்டுதான் பேசும்.

“சீட்டுப் போடலாமோ?”

தெரிந்தவர்களின் சின்னச் சீட்டு, ஆட்கள் பன்னிரண்டு பேர், பிடிக்கிறவரின் வீடு தெரியும் என்றால் போடலாம். விலை வேகமாக ஏறுகிற காலத்தில் கடைசியில் எடுக்கிறவர்தான் தோற்பார்: 2021 கடைசியில் தொடங்கிய சீட்டைப் பொறுமையாகக் காத்திருந்து 2022 கடைசியில் எடுத்தவருக்கு, மோட்டார் சைக்கிளுக்கென்று சேர்த்த காசு அதற்குக் கிட்டவும் போகவில்லை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து நின்றிருந்ததில் பழையதே பொன்விலை, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அவர் சைக்கிள் வாங்கினார்.

“முதலாளி அரைச்சம்பளம் எண்டுறார். ஓமெண்டுறதோ, விடுறதோ?”

எங்கள் கடையிலும் நடந்தது. 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்த இரண்டு கிழமையில் லொறி வரவில்லை, வியாபாரம் இல்லை. ஐந்து பேரில் இரண்டு பேரை நிற்பாட்டுவதா, ஐந்து பேரும் மூன்று நாள் வேலை செய்வதா என்று முதலாளி எங்களிடமே கேட்டார். நாங்கள் மூன்று நாளை எடுத்தோம். நாலு மாதம் அப்படி ஓடியது.

உங்கள் விசயத்தில் மூன்றைப் பாருங்கள். குறைப்பு எத்தனை மாதத்துக்கு என்று கடிதத்தில் இருக்கிறதா? வாய்ப்பேச்சுக் குறைப்பு நிரந்தரமாகிவிடும். அடிப்படைச் சம்பளத்தில் கைவைத்தால் ஓய்வுக்கென்று சேர்கிற சேமலாப நிதியும் குறையும், உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் அந்தச் சம்பளத்தில்தான் கணக்கு. மூன்றாவது, முதலாளியும் தன் செலவைக் குறைத்தாரா? அதைக் கடிதத்தில் பார்க்க முடியாது, வாசலில் பார்க்கலாம்.

கடிதம் எழுதி விலகச் சொன்னால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில், ஒழுக்கக் காரணம் இல்லாமல் நிறுத்துவதற்கு உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும், 1971ஆம் ஆண்டுச் சட்டம். அத்தகைய இடத்தில் ஐந்து வருசம் முடித்திருந்தால் வருசத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை. நீங்களே விலகினாலும் அது வரும். எங்களைப்போலச் சின்னக் கடைகளுக்கு இந்த இரண்டும் இல்லை, சேமலாப நிதி மட்டும் ஒரு ஆளுக்கும் உண்டு.

“இஞ்ச வேலை இல்லை, ஏஜென்சி ஒண்டு 15 லட்சம் கேக்குது. போகட்டோ?”

இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பயம். சீமெந்து மூடை 3,000 ரூபாயை எட்டிய நாளில் வீடு கட்டுகிற வேலைகள் நின்றன, எங்கள் கொப்பியில் இருந்த மேசன்மார் நாலு பேரும் வெளிக்கிட யோசித்தார்கள். இரண்டு பேர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து கட்டாருக்குப் போனார்கள், காசு அனுப்புகிறார்கள். 2022 நவம்பரில் கனடா என்று சொல்லி ஏற்றிய 300க்கும் மேற்பட்டோரோடு ஒரு கப்பல் நடுக்கடலில் தத்தளித்து, அவர்களை மீட்டு வியட்நாமில் இறக்கியதையும் எல்லோரும் பார்த்தோம். ஏஜென்சியின் அனுமதி இலக்கத்தைப் பணியகத்தில் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் வேண்டாம். அந்த 15 லட்சம் வீட்டை ஈடு வைத்து வருகிறதென்றால், நகைக்குச் சொன்ன அதே கேள்வியை வீட்டுக்கும் கேளுங்கள்.

“தொண்ணூறுகளில பொருளாதாரத் தடையையே கண்டனாங்கள். இது அதைவிட மோசமோ?”

இதைக் கேட்பது ஐம்பது தாண்டியவர்கள். கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொல்வார்கள், அதனால் எனக்கு வேலை குறைவு. போர்க்காலத்துத் தடை அது, 1990இலிருந்து ஐந்தாறு வருசம் இங்கே கறண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுப் படித்தோம், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம், மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் கறண்ட் நின்றபோது கொழும்பு கலங்கியது, என் அம்மா விளக்குத் துடைக்கிற துணியை எங்கே வைத்தேன் என்றுதான் தேடினா.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தடைக்காலத்தில் மாதக் கட்டுக்காசு என்று ஒன்று எங்களுக்கு இருக்கவில்லை. லீசிங் இல்லை, போன் பில் இல்லை, ரியூசனுக்கு இத்தனை ஆயிரம் இல்லை. இப்போது சமையலை நிற்பாட்டினாலும் முச்சக்கரவண்டியின் கட்டுக்காசு நிற்காது. பயிர்ச்செய்கைக்காரருக்கும் அப்படித்தான், 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஒரே இரவில் ஏறியபோது தண்ணீர் இறைக்கிற மெசினையும் மீன்பிடி வள்ளத்தையும் நிறுத்தி வைக்க முடிந்தது, அவற்றுக்கு வாங்கிய கடனை முடியவில்லை.

“இப்பவும் வீட்டில ரெண்டு காஸ் சிலிண்டர் வைச்சிருக்கிறன். மனிசி பைத்தியம் எண்டுறா.”

சாமான் அடுக்குவதைப் பற்றி மேலே அவ்வளவு சொன்ன நான் இதற்கு என்ன சொல்ல? காஸ் பழுதாகாது, எறும்பு தின்னாது, அடுப்பு அணைகிற நேரம் கடை பூட்டியிருக்கும். வைத்திருங்கள், பால்மாக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

எங்கள் வீட்டிலும் இரண்டாவது நிற்கிறது. அதன் பின்னால் அம்மா அடுக்கிய விறகு, விறகுக்கு மேலே ஒரு சாக்கு, சாக்குக்குள் பனம்மட்டை. போன மாதம் இடம் காணாது என்று விறகை வெளியே போடப் பார்த்தேன், அம்மா கதிரையை இழுத்து அதற்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்துவிட்டா.